அணைக்காமல் வைத்த கேமரா

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது ஒரு சின்ன வாக்கியம். "முந்தாநேத்து சாயங்காலம் நான்தான் அதை எடுத்துப் பாத்தேன், பெரியப்பா." ஒரு மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம்.

நீ போய் நாற்பது நாளாகிறது. நேற்று தம்பி ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி வந்தான். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது லென்ஸை உள்ளே இழுத்துக்கொண்டு தானாகவே அணைந்தது. "இப்பல்லாம் அப்படித்தான்க்கா, நாம மறந்தாலும் அது மறக்காது" என்றான். எழுந்து உள்ளே போய்விட்டேன்.

கோவில்பட்டியில் என் பெரியப்பா ஸ்டூடியோவில் இருந்த கேமராவுக்கு அந்தப் புத்தி கிடையாது. பிலிம் சுற்றும் கைப்பிடிக்கு அடியில் நகத்தளவு விசை ஒன்று இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் பூட்டு, மறுபக்கம் தள்ளினால் திறப்பு. திறந்திருக்கும்போது ஷட்டர் பொத்தானை லேசாக அமுக்கினாலே உள்ளே சிவப்பு எண்கள் எரியும். அப்படியே பைக்குள் வைத்து, பொத்தான்மேல் ஏதாவது அழுந்திக்கொண்டிருந்தால், விடிவதற்குள் பேட்டரி செத்துவிடும். பேட்டரி செத்தால் அந்தக் கேமரா ஒரு படம்கூட எடுக்காது. அதற்கான பேட்டரி நம் ஊர் வாட்ச் கடைகளில் கிடைக்காது. மதுரைக்குப் போகிறவர்கள்தான் வாங்கி வர வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை நாம் ஒரே பெஞ்சு. அதன்பிறகு நான் கல்லூரிக்குப் போனேன். நீ நாகலாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறி பெரியப்பா ஸ்டூடியோவுக்கு வேலைக்கு வந்தாய். பெண் பெரியவளான சடங்கு வீடுகளிலும் வளைகாப்பு வீடுகளிலும் பெண்கள் கூடியிருக்கிற அறைக்குள் வந்து படமெடுக்க ஒரு பெண் இருந்தால் நல்லது என்று கடைக்காரர் வீட்டு அம்மாக்கள் கேட்டதால்தான் பெரியப்பா உன்னைச் சேர்த்தார். "ஒரு புகார் வரட்டும், அதோட சரி" என்று முதல் நாளே சொல்லியும் வைத்தார். அந்த வேலை போனால் உன் அண்ணன் உன்னை மறுபடியும் ஆட்டுக்குப் பின்னால்தான் அனுப்புவான். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒவ்வொரு படம் எடுத்ததும் உன் கட்டைவிரல் அந்த விசையைத் தள்ளிவிடும். பேசிக்கொண்டே தள்ளுவாய், சிரித்துக்கொண்டே தள்ளுவாய்.

"ஏட்டி, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல எதுக்குப் பூட்டுதே? அது என்ன ஓடியா போயிரும்?"

"நாம பாக்காதப்ப அதுக்கு என்ன முழிப்பு? தூங்கட்டும். நீ படிச்சு முடிச்சா பொஸ்தகத்த மூடி வைக்க மாட்டியா?"

"கவுத்துத்தான் வைப்பேன்."

"அதான் ஒன் பொஸ்தகமெல்லாம் முதுகொடிஞ்சு கெடக்கு."

விடுமுறை நாட்களில் ஆல்பம் ஒட்ட நான் ஸ்டூடியோவுக்கு வருவேன். கேமராவை உன்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது பெரியப்பாவின் கட்டளை. அன்று மாலை மறுநாள் வேலைக்காகப் பையை அடுக்கி வைத்துவிட்டு நீ சீக்கிரமே பஸ்ஸுக்குப் போய்விட்டாய். நான் கேமராவை எடுத்து, விசையைத் தள்ளி, கண்ணில் வைத்தேன். எதிர்க் கடை வாசலும் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களும் அந்தச் சட்டத்துக்குள் வந்ததும் வேறு ஊர் ஆட்களாகத் தெரிந்தார்கள். எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. பொத்தானை முழுதாக அமுக்கவில்லை, பிலிம் போகவில்லை. அதனால் எதையும் தொடவில்லை என்றே நினைத்துக்கொண்டேன். பைக்குள் வைத்து, அதன்மேல் பிளாஷை அமுக்கி மூடினேன்.

மறுநாள் விளாத்திகுளத்தில் ஒரு வத்தல் வியாபாரி வீட்டுச் சடங்கு. உனக்குத் துணையாக நானும் வந்தேன். வெளிநாட்டிலிருந்து தாய்மாமன் வந்திருந்தார். அன்று மதியமே கிளம்ப வேண்டியவர். அவர் மாலையைத் தூக்கிப் பிடித்தார். நீ கேமராவை எடுத்தாய். கட்டைவிரல் விசையைத் தேடிப் போய் நின்றது. விசை ஏற்கெனவே திறந்திருந்தது. நீ அதைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் காலைத் தொட்டேன். விசேஷ வீட்டுக்குள் யாருடைய காலிலும் செருப்பில்லை.

பொத்தானை அமுக்கினாய். ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினாய். கையிருப்பு பேட்டரியைப் போன வாரம்தான் போட்டிருந்தாய். இன்னொன்று வேண்டுமென்று பெரியப்பாவிடம் இரண்டு தடவை கேட்டிருந்தாய்; அவர் பார்ப்போம் என்றிருந்தார்.

"எடுத்தாச்சா தாயி? கை வலிக்குது" என்றார் மாமன்.

"ஒரு நிமிசம் அண்ணாச்சி."

பெண்ணின் அம்மா கேட்டாள்: "பொம்பளப் பிள்ளைய அனுப்புதேன்னாவ, சரின்னேன். பொம்மைக் கேமராவையும் சேத்தா அனுப்புவாவ?" கூடம் முழுக்கச் சிரித்தது. உள்ளூர் ஸ்டூடியோக்காரர் வந்து சேர்ந்தபோது மாமன் கார் ஏறியிருந்தார்.

திரும்புகிற பஸ்ஸில் நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். நீ ஜன்னல் வழியே பருத்திக்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாய். உன்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டென்றால் அது அதற்காகத்தான். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

மறுநாள் காலையில் பெரியப்பா விசையைக் காட்டிக் கேட்டார். "யாரு இத இப்படித் திறந்து போட்டது?" நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நீதான் திரும்பினாய். அவசரமே இல்லாமல் என்னைப் பார்த்தாய். எனக்குப் போதுமான நேரம் கொடுத்தாய். பிறகுதான் சொன்னாய்: "நாந்தான் அண்ணாச்சி. மறந்துட்டேன்."

"சரிம்மா. நாளையிலருந்து வர வேண்டாம்."

நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். "காலேஜுல இதத்தான் படிச்சுக் குடுக்காவளா?" என்று சிரித்திருப்பார். தம்பி மகள். வீட்டில் அப்பாவிடம் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லியிருப்பார். ஆட்டுக்காரர் வீட்டிலிருந்து வந்த உனக்கு அந்தச் சிரிப்பு கிடைக்காது. அது எனக்குக் கிடைக்கும் என்று தெரிந்தே பேசாமல் இருந்தேன். குற்ற உணர்ச்சியைப் பற்றி அதுவரை நான் படித்து உருகிய நாவல்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் ஒன்றுகூட அந்த நேரத்தில் என் வாயைத் திறக்கவில்லை.

நீ கொஞ்ச நாள் ஆடு மேய்த்தாய். பிறகு புதியம்புத்தூரில் சட்டைக் காலர் தைக்கப் போனாய், அங்கேயே கல்யாணம் ஆயிற்று. மஞ்சள் காமாலை முற்றிப் போய்ச் சேர்ந்தாய். செய்தி கேட்டு வந்தபோது, சுவரில் மாட்ட உன் படம் ஒன்றும் இல்லாமல் வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். முகம் புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னப் பத்தி ஒரு கொறை சொன்னதில்லம்மா அவ" என்றாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

நீ வேலையைவிட்டுப் போன மறுவாரம் பெரியப்பா அந்தக் கேமராவை என்னிடம் கொடுத்து, "இனி சடங்கு வீடுகளுக்கு நீ போ" என்றார். நான் போனேன். என் கல்யாணம்வரை மூன்று வருஷம் போனேன்.