காற்றைப் பிடித்து நின்றவர்

அன்புள்ள நைனாவுக்கு,

வரதய்யபாளையத்திலிருந்து ரக்ஷிதா. முட்டிவலி குறைந்ததா?

கம்பெனியில் ஷிஃப்டுக்கு முன் தினமும் ஒருவர் ஓர் ஆங்கிலச் சொல்லை விளக்க வேண்டும். நேற்று என் முறை. ‘ஹால்சியன்’ என்றேன். காற்றடங்கிய, அமைதியான வானிலையைச் சொல்வது. கிரேக்கர்கள் மீன்கொத்திக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. அது கடல்மேல் கூடு கட்டி அடைகாக்கும் நாட்களில், காற்றுக்கு அதிபதியான அதன் அப்பா காற்றை அடக்கி வைப்பாராம்.

கூட வேலை செய்யும் சுலோச்சனா, “எந்த ஊர்ல நைனா காத்தப் புடிச்சிக்கினு நிக்கிறாரு?” என்று சிரித்தாள். புயலன்று நான் பரீட்சைக்குப் படித்து முடிக்கும்வரை நீங்கள் தகரக் கூரையைக் கயிறு போட்டு இழுத்துப் பிடித்து நின்றதைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள், நைனா.

ஹாஸ்டல் ஜன்னலுக்குக் கொக்கி இல்லை, அடித்துக்கொண்டே இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. கம்பெனி பஸ் வந்துவிட்டது. என்னைப் பார்க்க வரும்போது அந்தக் கயிற்றில் ஒரு முழம் கொண்டுவாருங்கள்.

ரக்ஷிதா