மல்லாட்டைக் குவியலில் மூன்றாவது அடி

பங்குனி, வியாழன் இரவு

இன்று ஜெயித்துவிட்டேன். வெளியே சொன்னால் பெருமையடிக்கிறாள் என்பார்கள். இங்கே எழுதிக்கொள்கிறேன்.

நேற்றுப் பிடுங்கிய மல்லாட்டைச் செடிகள் வேர்க்கடலைக் காயோடு ராத்திரி முழுக்க நிலத்திலேயே குவிந்து கிடந்தன. காய் ஆய வரும் பெண்களுக்கு ஆய்ந்த படிக்குத் தகுந்த கூலி. அதனால் வந்ததும் ஓடிப்போய்க் குவியலில் கைவிட்டு வாரி எடுப்பார்கள். போன வருஷம் அப்படி வாரப்போய்ப் பாம்பு கடித்துத்தான் மேரி அக்காவுக்கு ஒரு விரல் போயிற்று. அதனால் காலையில், குவியலை அடித்துப் பார்க்காமல் விடமாட்டேன் என்று தடியோடு குறுக்கே நின்றேன்.

"ஜல்தியா விடும்மா, வெயில் ஏறிக்கினு வருது!" என்று கத்தினார்கள்.

என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். "இவளோட ஒரே பேஜாரு. அடிச்சா காய் உதிராதா?"

உதிரட்டுமே! ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடிக்கு உள்ளேயிருந்து குக்கர் மாதிரி ஒரு சீறல். கண்ணாடி விரியன், என் கை பருமன். எல்லாரும் தள்ளி நின்றோம். அது பாட்டுக்கு ஊர்ந்து வேலிக்குள் போய்விட்டது.

அப்புறம் ஒருத்தியும் வெயிலைப் பற்றிப் பேசவில்லை. "எம்மா, அந்தக் குவியலையும் ஒரு தட்டு தட்டேன்" என்று அவர்களே கூப்பிட்டார்கள். மேரி அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேலிக்குள் போனது அங்கேயேதான் இருக்கும். நாளைக்கு இன்னும் பாதி நிலம் பாக்கி.

இவர் வாசலில் உட்கார்ந்து மூங்கில் தடி ஒன்று சீவுகிறார். எனக்குத்தானே என்று கேட்டேன்.

நிமிராமலே சொன்னார்: "உனக்குத்தான் ஒண்ணு இருக்குதே. இது எனக்கு."