ஃப்ரீசருக்குள் போன ஊசிப் பேனா

ரோஹிணி அப்பா,

குக்கரில் சாம்பார் சாதம் இருக்கிறது. இந்திப் பள்ளியில் படிக்கும் ரோஹிணிக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் தைரியமாக ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போகிறேன்.

அவளுடைய வளர்ச்சி ஹார்மோன் ஊசிப் பேனா இன்று காலை ஃப்ரீசரில் கிடந்தது. உறைந்துபோனால் மருந்து வீண் என்று டாக்டர் உங்கள் எதிரில்தானே சொன்னார்? பேனாவுக்கென்ன கால் முளைத்ததா? இல்லை, பால்காரர் உள்ளே வந்து எடுத்து வைத்தாரா? உயரக் குறைவு அப்பா வழியில் வந்தது என்று டாக்டர் சொன்னதிலிருந்தே நீங்கள் சரியில்லை.

புதுப் பேனா முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வைத்த இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கும்.

எனக்கு ஏர்போர்ட்டில் இரவு டியூட்டி. ஊசி நீங்கள்தான் போட வேண்டும். இன்றைக்கு இடது தொடை.

தோசை மாவை வெளியே எடுத்து வைக்கவும்.

அகல்யா

பி.கு.: நேற்று அவள், "அப்பாவுக்கும் ஊசி போடலாமாம்மா?" என்று கேட்டதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனீர்கள். அந்தக் கோபம்தானா இது? நீங்கள் போன பிறகு அவள் சொன்னது இது: "தனியா குத்திக்க பயமா இருக்கும்மா. அப்பாவும் கூட குத்திக்கிட்டா அழமாட்டேன்."