குறை ஏதும் இல்லை

செவ்வாய், இரவு.

புரண்டு புரண்டு படுத்தும் தூக்கம் வரவில்லை.

மீன் விற்கும் செல்வி சாயங்காலம் என் மளிகைக் கடைக்கு வந்தாள். மகளை நாய் கடித்துவிட்டது. மதியத்துக்கு மேல் ஊசி போடுவதில்லை, காலையில் வா என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"நீங்கதான பாய் ஆஸ்பத்திரி கமிட்டில கீறீங்க. இத்த இன்னான்னு கேளுங்க" என்றாள்.

கேட்கிறேன் என்றேன்.

ஊர்மக்கள் சார்பில் அந்தக் கமிட்டியில் இருப்பது நான் ஒருவன்தான். கூட்டம் என்று ஒன்றுக்கும் இதுவரை போனதில்லை. கையெழுத்துக்குக் கூட்ட நோட்டுதான் என் கடைக்கு வரும். இன்று மதியமும் நர்சம்மா கொண்டுவந்தார். துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். அவர் விரித்துக் காட்டிய பக்கத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

செல்வி போனதும் மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'பொதுமக்கள் தரப்பில் குறை ஏதும் இல்லை.' அதன் கீழே என் கையெழுத்து.

"இத அடிச்சிட்டு எழுதலாமாம்மா?"

"காப்பி மேல போயாச்சி பாய். அடுத்த மீட்டிங்ல பேசிக்கலாம்" என்றார் நர்சம்மா.

எந்த மீட்டிங்?

காலையில் மகளுக்கு ஊசி போட்டுவிட்டு, மீன் விற்கப் பாகூர் போகும் பஸ்ஸுக்குச் செல்வி என் கடை வழியாகத்தான் வருவாள். கேட்டீங்களா பாய் என்பாள்.

அந்த பஸ் போன பிறகு கடையைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.