வெள்ளிக்கிழமைக்குள் கேட்ட பதில்

மருமகளே, பரணைச் சுத்தம் செய்ததில் உன் நோட்டு கிடைத்தது. மாதக் காலண்டர் தாளில் அட்டை போட்டு, கம்ப்யூட்டர் வகுப்புக்கு எடுத்துப்போவாயே, அது. மூன்றாம் பக்கத்தில் உன் விரலின் மஞ்சள் கறை அப்படியே இருக்கிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள். நீ இங்கிலீஷ் வார்த்தையையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்ததால் எழுத்துக் கூட்டிப் படித்தேன். படிக்கவே வேண்டியதில்லை. எல்லாம் எனக்கு மனப்பாடம்.

அம்பத்தூரில் வகுப்பு முடிந்து, ஆவடியில் ரயில் இறங்கி வந்ததும், இட்லிக்கு அரைத்துக்கொண்டே என்னிடம் ஒப்பிப்பாய். "கம்ப்யூட்டருக்குள்ள ஒரு மேஸ்திரி கீறான் அத்தே. அவன்தான் ஆபரேட்டிங் சிஸ்டம். எல்லா மேஸ்திரியும் ஒரே மாதிரி இல்ல." டாஸ் என்கிறவன் ஒரே ஆளுக்கு, ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்வான். யுனிக்ஸ் பல பேரை ஒரே சமயத்தில் உட்கார வைத்து எல்லார் வேலையையும் பார்ப்பான். இன்னொருவன் வேலைகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக முடிப்பான். கடைசி ஆள் ரியல் டைம். குறித்த நேரத்துக்குள் பதில் தந்தே ஆக வேண்டியவன்.

"லேட்டா தந்தா இன்னா? பதில் சரியாத்தானே இருக்கும்?" என்றேன்.

"மெஷின்ல கை மாட்னப்புறம் நிறுத்தி இன்னா புண்ணியம் அத்தே? லேட்டா வந்தா சரியான பதிலும் தப்புதான்."

பரீட்சையில் பாஸானாய். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலைக்குக் கூப்பிட்டது. செவ்வாய்க்கிழமை, அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாய். "பகல்ல பாப்பாவ நீங்க பாத்துக்குவீங்களா அத்தே? வெள்ளிக்குள்ள சொல்லணுமாம்."

நான் வாயைத் திறக்கவில்லை. உங்கள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்த என் அக்காவை எழுப்பிவிட்டு, தன் ஆளை உட்கார வைத்தாளே உன் சித்தி, அது அப்போதும் எனக்கு எரிந்துகொண்டிருந்தது. உங்கள் பக்கத்து ஆட்களும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். புதனும் வியாழனும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் போனாய். வெள்ளியன்றும் பார்த்தாய். மறுபடி கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில், "போயேன், நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"வேற பொண்ண சேத்துக்கினாங்க அத்தே. பரவால்ல, உடுங்க."

அவ்வளவுதான். குத்தலாக ஒரு வார்த்தை இல்லை. பாப்பா பெரிய பள்ளிக்கூடம் போனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று நோட்டைப் பரணில் போட்டாய். அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் உன் மேலும் ஒரு கோபத்தை வைத்துக்கொண்டு பிழைத்திருப்பேன்.

போன மாதம் உன் மகள், "ஆயா, எனக்கு வெளியூர்ல ஒரு வேலை..." என்று ஆரம்பித்தாள். "போ" என்றேன்.

"இன்னா ஆயா, எந்த ஊருன்னுகூட கேக்க மாட்டியா?" என்று சிரித்தாள்.

உன் சித்தியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவளிடம் காட்ட வேண்டியதை உன்னிடம் காட்டினேன். அந்த நாட்களில் நீ என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.