இரண்டு டைமண்ட்

4 ஜூன் 1994, சனி

மன்னித்துக்கொள் நோட்டே, இந்நேரத்துக்கு உன்னைத் திறக்கிறேன். மணி ஒன்றரை. பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. முதலில் என் பழைய சிநேகிதி ஷைமாவுக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள ஷைமா, நலம்தானே' என்று நாலு தாள் ஆரம்பித்து நாலையும் கிழித்தாயிற்று. அதனால் உன்னிடம் வந்தேன்.

இன்று கிளப்பில் ஒரு தட்டு விழுந்தது. அவ்வளவுதான் விஷயம்.

சனிக்கிழமை சாயங்காலம் நானும் அவரும் கிளப்புக்குப் போய் பிரிட்ஜ் ஆடுவது வழக்கம். ஹாஸ்டலில் ஷைமாவோடு சேர்ந்து நான் கற்ற ஆட்டம். கல்யாணத்துக்குப் பிறகு அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். மில்லில் அவருடைய மேலதிகாரிகள் எல்லோரும் ஆடுகிறவர்கள், அவருக்கும் ஆசை. வர்ஷினியைத் தூக்கிக்கொண்டே போவோம். என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு துண்டை விரித்துப் பழைய சீட்டுக்கட்டைக் கொடுத்துவிட்டால் இரண்டு மணி நேரம் அசையமாட்டாள். 'என்ன சமத்து!' என்பார்கள் எல்லோரும். எனக்கும் பெருமைதான், இன்று வரைக்கும்.

டம்ளர்களைக் கொண்டுவந்த கிளப் பேரர் கால் இடறிவிட்டார். எவர்சில்வர் தட்டு, பத்து டம்ளர், எல்லாம் சிமெண்ட் தரையில். வர்ஷினிக்கு இரண்டடி பின்னால். எதிர்க்கட்சியில் உட்கார்ந்திருந்த சுந்தரராஜுலு சார் கையிலிருந்த சீட்டையே நழுவவிட்டார். "ஏனப்பா, ஆளக் கொல்லப் பாக்கறயா!" நாலு மேசையும் திரும்பியது.

என் மகள் திரும்பவில்லை. ஒரு ராணியின் மேல் ஒன்பதை வைத்து, சரியாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினேழு மாதம் அவளுக்கு.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5 ஜூன், ஞாயிறு

அவர் குளிக்கப் போனதும் கரண்டியால் சோற்றுக் குண்டானைத் தட்டினேன், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று. திரும்பினாள்! தூக்கி, முத்தம் கொடுத்து, அழுது — அப்புறம்தான் பார்த்தேன். ஜன்னல் எனக்குப் பின்னால் இருந்தது. என் நிழல் அவளுக்கு எதிரே சுவரில் ஆடியிருக்கிறது.

ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி தட்டினேன். எத்தனை தடவை என்று எழுத வேண்டாம்.

8 ஜூன், புதன்

அத்தை வந்திருக்கிறார், பொள்ளாச்சித் தோட்டத்திலிருந்து ஒரு குலை இளநீரோடு. வாசலிலிருந்தே "வர்சினீ, வர்சினிக் கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார். குழந்தை பார்க்கவில்லை. பக்கத்தில் வந்து குனிந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பத்தாளத் தெரியுதா! அப்படியே கிருபாதான். அவன் மூணு வருசம் வாயே தொறக்கல அம்மணி. அவங்கப்பனுக்கு நாலு வருசமாச்சாம். நம்மூட்ல எல்லாமே லேட்டுத்தான்."

இந்தப் பேச்சு அவருக்கு எவ்வளவு ஆறுதல் என்று முகத்தில் தெரிந்தது.

இந்த வீட்டில் நான் எதையும் நேராகக் கேட்டதில்லை. யாரும் தடுக்கவில்லை, எனக்கு வருவதில்லை. 'டாக்டரிடம் போகலாம்' என்று நான் சொன்னால் அது புவனா கிளப்பும் பீதி. அவர் சொன்னால் முடிவு. அதனால் இன்று சாப்பிடும்போது மெதுவாக, "பாப்பாவுக்கு ஒரு ஊசி பாக்கி இருக்குதுங்க, இந்த மாசம் போடோணும்," என்றேன். 'சரி, நானே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்' என்பார். அங்கே டாக்டரே கவனித்துவிடுவார். இதுதான் நான் போட்ட திட்டம்.

"மில் நர்ஸை வரச் சொல்லிடறேன். ஊட்டுக்கே வந்து போட்டுருவாங்க," என்றார். மோர் கேட்டார்.

9 ஜூன்

நர்ஸ் வந்து போட்டுவிட்டுப் போனாள். பாப்பா வீறிட்டு அழுதது. அந்த அழுகை பாப்பாவுக்கே கேட்குமா?

12 ஜூன், ஞாயிறு

நேற்று மழை, கிளப்புக்குப் போகவில்லை. "புதுசா ஏதாச்சும் சொல்லிக்குடு," என்று கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். டிரான்ஸ்ஃபர் என்ற ஏல முறையைச் சொல்லிக்கொடுத்தேன்.

பார்ட்னர் 'ஒரு நோ டிரம்ப்', அதாவது துருப்பே வேண்டாம், என்று ஏலத்தை ஆரம்பித்தால் அவரிடம் பலமான கை இருக்கிறது என்று அர்த்தம், நாலு வகைச் சீட்டும் பரவலாக. எதிரே இருக்கிறவளிடம் ஹார்ட் ஐந்து சீட்டோ மேலோ இருந்தால் அவள் 'இரண்டு ஹார்ட்' என்று சொல்லக்கூடாது. ஒரு படி கீழே, 'இரண்டு டைமண்ட்' என்று சொல்ல வேண்டும். அதற்கும் டைமண்டுக்கும் சம்பந்தமே இல்லை. 'ஹார்ட் என்று நீங்கள் சொல்லுங்கள்' என்று கேட்கிறாள். அவர் சொல்லியே ஆக வேண்டும். அப்போது ஆட்டத்தை நடத்துவது அவர். அவருடைய பெரிய சீட்டெல்லாம் மறைந்தே இருக்கும். மேசையில் விரித்துக்காட்டுவது இவளுடைய ஏழைக் கையை.

"உங்கிட்ட ஒண்ணுமே இல்லீன்னா?"

"அப்பத்தானுங்க முக்கியமாச் சொல்லோணும். நீங்க ஹார்ட்டுன்னதும் நான் பாஸ்னு சொல்லி ஒதுங்கிக்குவேன்."

ஷைமா ஹாஸ்டலில் சொல்வாள்: 'வெறுங்கைக்காரிக்குன்னே கண்டுபுடிச்சதுடி இது.'

"ஏன் இத்தன சுத்தி வளைக்கோணும்?" என்றார். ஆனாலும் ஸ்கோர் தாள் ஒன்றின் பின்பக்கம் பென்சிலில் குறித்துக்கொண்டார். எதையும் எழுதி வைப்பது அவர் சுபாவம்.

சொல்லிக்கொடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வாரமாக இந்த வீட்டில் நான் இரண்டு டைமண்ட், இரண்டு டைமண்ட் என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்? அவர் பாஸ். மறுபடியும் பாஸ்.

15 ஜூன்

பாப்பாவைத் தூங்கவைக்கப் பாடிக்கொண்டிருந்தேன். யாருக்காகப் பாடுகிறேன் என்று தோன்றியது, நிறுத்திவிட்டேன். அவள் கை என் தொண்டையின் மேல் இருந்தது. நிறுத்தியதும் தொண்டையைத் தட்டினாள். பாடு, பாடு என்று.

ஷைமா மெட்ராஸில் காது கேளாத குழந்தைகளின் பள்ளியில் டீச்சர். உலகத்தில் இத்தனை வேலை இருக்கும்போது அவளுக்கு இந்த வேலை. அவளுக்கு எழுதினால் — எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும்.

18 ஜூன், சனி

பாப்பாவைப் படுக்கவைத்துவிட்டு எழுதுகிறேன்.

கிளப்பில் மூன்றாவது ஆட்டம். எதிரே சுந்தரராஜுலு சாரும் அவர் மனைவியும். இவர் 'ஒரு நோ டிரம்ப்' என்றார். என் கையில் ஹார்ட் ஆறு, டைமண்ட் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் குப்பை. 'இரண்டு டைமண்ட்' என்றேன்.

இவர் தன் சீட்டையே வெகுநேரம் பார்த்தார். சுந்தரராஜுலு சார் ஆட்ட முறைப்படி இவரைக் கேட்டார்: "ஏனுங் தம்பி, அம்மணி சொன்னதுக்குத் தனி அர்த்தம் ஏதும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க. டைமண்டுதானுங்க."

நான் ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஆட்டத்தில் பார்ட்னருக்கு முகத்தால் எதுவும் சொல்லக்கூடாது. புருவத்தைத் தூக்கினாலும் கள்ளாட்டம். கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் கத்துகிறேன், ஹார்ட், ஹார்ட்டுன்னு சொல்லுங்க.

"பாஸ்," என்றார்.

அவ்வளவுதான், டைமண்ட் துருப்பு. இப்போது ஆட வேண்டியவள் நான். அவர் தன் கையை விரித்தார். டைமண்ட் மூன்று. ஹார்ட் நாலு, ஏஸும் ராஜாவும் சேர்த்து. எங்கள் இருவரிடமும் மொத்தம் பத்து ஹார்ட் இருந்திருக்கிறது. எட்டுப் பிடி எடுக்க வேண்டிய இடத்தில் மூன்று எடுத்தேன்.

"நாலே நாலு துருப்ப வெச்சுக்கிட்டு எட்டுப் பிடிக்குக் கெளம்புன தைரியசாலிய இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்," என்றார் சுந்தரராஜுலு சார். அவர் மனைவி, "சும்மா இருங்க, அந்தப் புள்ள மொகத்தப் பாருங்க," என்று அதட்டினார்.

ஸ்கூட்டரில் கிளம்பினோம். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஹார்ட் வேணும்னா ஹார்ட்டுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? மனசுல ஒண்ணு வெச்சுட்டு வாயில ஒண்ணு சொன்னா, எனக்கென்ன சோசியமா தெரியும்?"

பாப்பா என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"சரிங்க, நேராவே சொல்றேன். உங்க மகளுக்குக் காது கேக்கறதில்லீங்க. கேக்கறதே இல்ல!"

கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. உள்ளேயிருந்து அத்தை, "ஏனம்மணி, என்னாச்சு?" என்று கேட்டார்.

என் தோளில் இருந்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் காதுக்குப் பக்கத்தில்தான் கத்தினேன்.

அவர் அவளைப் பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

20 ஜூன்

இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. அத்தை எதுவும் கேட்காமல் ஊருக்குப் போய்விட்டார். நான் சொல்லியிருக்கக்கூடாதோ? சொல்லாம எப்படி இருக்கறது? வேற யாரு சொல்லுவாங்க அவளுக்காக?

21 ஜூன், செவ்வாய்

துவைக்கப் போடும் முன் சட்டைப் பையைத் துழாவினேன். மடித்த ஸ்கோர் தாள் இரண்டு. ஒன்றில் நான் சொல்லிக்கொடுத்த டிரான்ஸ்ஃபர். மற்றதில், அதே பென்சிலில், பொடி எழுத்தில்:

ஏப்ரல் 17 – ஸ்கூட்டர் ஹாரன். இல்லை.
ஏப்ரல் 24 – குக்கர் விசில். இல்லை.
மே 8 – பக்கத்து வீட்டுக் கல்யாண வெடி. திரும்பினாள். (அதிர்வா?)
மே 22 – கதவுக்குப் பின்னாலிருந்து பெயர் சொல்லி. 20 தடவை. இல்லை.
ஜூன் 4 – தட்டு. இல்லை.

ஏப்ரல்! எனக்கு ஏழு வாரம் முன்னால். கதவுக்குப் பின்னால் நின்று இருபது தடவை அவள் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார் இந்த மனிதர். அன்றைக்கும் என்னிடம் வந்து மோர் கேட்டிருப்பார்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்தேன். பிறகு பேனாவை எடுத்து அவருடைய கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்:

ஜூன் 5 – குண்டான். ஜன்னலைச் சாத்திய பிறகு 11 தடவை. இல்லை.

நாளைக் காலையில் காபி டம்ளருக்கு அடியில் வைக்கப்போகிறேன்.

22 ஜூன்

படித்தார். காபியில் ஆடை படியும் வரை தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீயும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தயா?"

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"வாயத் தொறந்து சொல்லிப்போட்டா அப்பறம் திருப்பி எடுக்க முடியாது புவனா. அம்மா சொல்ற மாதிரி லேட்டாப் பேசிருவான்னு… ஒரு மாசம் பாக்கலாம், இன்னொரு மாசம் பாக்கலாம்னு…"

அவர் அழுது நான் பார்த்ததில்லை. பாப்பா அவர் மடியில் ஏறி, அவர் வாயை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

24 ஜூன், வெள்ளி

மில்லுக்கு லீவு போட்டார். ஆஸ்பத்திரியில் பாப்பாவுக்குக் காதுச் சோதனை முடிந்தது.

சுவரெல்லாம் மெத்தை வைத்த சின்ன அறை. பாப்பாவை மடியில் வைத்து என்னை உட்காரவைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி. சோதிக்கிற அம்மா கதவைச் சாத்தும் முன் சொன்னார்: "நீங்க அசையக்கூடாதுங்க. சத்தம் வந்தா மொகத்துல காட்டிராதீங்க. கொழந்தை உங்களப் பாத்துத் திரும்பிட்டா எங்களுக்கு ஒண்ணும் தெரியாமப் போயிரும்."

எனக்குத் தெரியும், அதை எப்படிச் செய்வதென்று.

முதலில் சன்னமாக ஒரு ஊதல். அப்புறம் பலமாக. அப்புறம் இன்னும் பலமாக. என் பல்லெல்லாம் கூசியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரிந்தது. நான் அசையவில்லை. திரும்பு கண்ணு, ஒரே ஒரு தடவை திரும்பு. என் வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணுவதுபோல விளையாடிக்கொண்டிருந்தாள்.

இரண்டு காதிலும் மிகக் கடுமையான குறைவு என்று எழுதிக்கொடுத்தார்கள். தூங்கவைத்து இன்னொரு சோதனை செய்ய வேண்டுமாம். கருவி மாட்ட வேண்டும், பேசப் பழக்க வேண்டும், ஒரு நாளும் வீணாக்கக்கூடாதாம். ஏப்ரல் 17 முதல் எத்தனை நாள் என்று வண்டியில் வரும்போது இரண்டு பேரும் மனதுக்குள் எண்ணியிருப்போம்.

26 ஜூன், ஞாயிறு

பொள்ளாச்சிக்குப் போனோம். பஸ்ஸில் நான், 'அத்தைகிட்ட நீங்க சொல்றீங்களா' என்று கேட்கவில்லை. ஜாடை காட்டவும் இல்லை. செருப்பைக் கழற்றியதும் அவரே சொன்னார்.

"அம்மா, எம் புள்ளைக்குக் காது கேக்கறதில்லீங்க. லேட்டு இல்ல. சோதன பண்ணியாச்சு. புவனாவும் பாப்பாவும் மெட்ராஸ் போய்த் தங்கோணும், அங்க பழக்கறாங்க. எத்தன மாசமானாலும் போகட்டும். இது முடிவு."

அத்தை சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் இத்தன நாளாக் கூப்புட்டது ஒண்ணுகூட அவ காதுல உழுகலீங்களா சாமி?" என்றார். என்னைக் கேட்கவில்லை. யாரையும் கேட்கவில்லை.

திரும்பும்போது அவர் சொன்னார்: "மெட்ராஸ்ல உன் சிநேகிதி இருக்குதல்ல? இன்னைக்கே எழுது. அவங்க எழுதற வரைக்கும் நமக்கு வேற வழி தெரியாது."

27 ஜூன், திங்கள்

கிழிக்கவில்லை. காலையில் அவரே தபாலில் சேர்ப்பார். நகல் இங்கே.

அன்புள்ள ஷைமா,

என் மகள் வர்ஷினிக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. வயது பதினேழு மாதம். சோதனைத் தாளின் பிரதியை உள்ளே வைத்திருக்கிறேன். இவ்வளவு சின்னக் குழந்தையை அம்மாவோடு உங்கள் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களா? நான் அவளோடு வந்து எத்தனை மாதம் வேண்டுமானாலும் தங்குவேன். அவர் வாராவாரம் வந்துபோவார். என் தொண்டையில் கை வைத்தால் பாட்டு அவளுக்குத் தெரிகிறது. இதை அங்கே இருப்பவர்களிடம் சொல், உபயோகப்படலாம்.

மூன்று வாரமாக உனக்கு எழுத உட்கார்ந்து எழுதாமல் எழுந்தேன். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. எந்தத் தேதியில் நாங்கள் வரலாம்? சீக்கிரம் பதில் எழுது.

புவனா