அப்பாவின் வலது முழங்கால்

நவம்பர் 9
என் கல்யாணத்தின் முதல் பத்திரிகையைப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு வைக்க, வலியசாலையிலிருந்து நடந்தே போனார் அப்பா. ஆட்டோ எதற்கு என்று வீம்பு. திரும்பும்போது வலது முழங்கால் தேங்காய் அளவு. ரத்தம் சட்டென்று உறையாத ஹீமோஃபிலியாக்காரருக்கு வீம்பு ஆகாது என்று பிள்ளையாராவது சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 12
டாக்டர் ஸ்மிதா படம் வரைந்து காட்டினார். மூட்டுக்குள் ரத்தம் கசியக் கசிய உள்சவ்வு அழன்று தடிக்கிறது. தடித்த இடத்தில் புதிதாக ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. நூல் மாதிரி மெலிந்தவை. லேசில் உடைந்து மறுபடி கசிகின்றன. ஃபாக்டர் ஊசி ரத்தத்தை உறைய வைக்கும். முளைத்ததை ஒன்றும் செய்யாதாம்.
தாலி கட்டும்போது நான் அப்பா மடியில் உட்கார வேண்டுமே என்றேன்.
"இப்போ வேண்டா கேட்டோ" என்றார் டாக்டர் மலையாளத்தில்.
வீட்டில் அம்மா, "சித்தப்பா மடியில உக்காந்துக்கோயேன்" என்றாள். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

நவம்பர் 13
சின்ன வயதில் அந்த மடியில் ஏறினாலே யாராவது பதறி இறக்கிவிடுவார்கள். ஒரு தடவைகூட நான் உட்கார்ந்ததில்லை. இதுவும் கிடையாதா?

நவம்பர் 27
சவ்வைச் சுருக்க மூட்டுக்குள் கதிர்வீச்சு மருந்து ஊசி. பலன் தெரிய மாதங்கள் ஆகலாம்.
"முகூர்த்தத்துக்குள்ள சரியாயிடும். காலு நான் சொன்னா கேக்கும்" என்கிறார் அப்பா. எப்போது கேட்டது?

டிசம்பர் 30
இந்த நோய் என் வழியாக, நாளை எனக்குப் பிறக்கும் மகனுக்கும் போகலாம். பெண் பார்க்க வந்த அன்றே உமாசங்கரிடம் சொல்லிவிட்டேன். இன்று போனில் அவர் முதலில் விசாரித்தது அப்பா காலைத்தான். எனக்கு இவரை ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஜனவரி 21
வீக்கம் வற்றிவிட்டது! ஃபாக்டர் போட்டுக்கொண்டு, நாற்காலியில், கொஞ்ச நேரம் மட்டும் — டாக்டர் சம்மதித்தார். நான் சாதத்தைக் குறைத்துவிட்டேன்.

பிப்ரவரி 8
அப்பா மடியில் உட்கார்ந்தேன் — பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. மடிசாருக்குள் காலை ஊன்றி, பாரம் முழுவதையும் என் தொடையில் தாங்கிக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் தொடங்கும் முன் காதோரம் குரல்:
"ஏண்டி, அந்தரத்துல நிக்கறாய்? உக்காரு."
"வேண்டாம்ப்பா..."
இடுப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். தாலி ஏறியபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 9
கரமனையில், புகுந்த வீட்டில் எழுதுகிறேன். விடிந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். முழங்கால் வீங்கவில்லையாம். அப்பா போனை வாங்கினார்.
"நல்ல கனமாக்கும் நீ" என்றார்.
பெருமையாகத்தான் சொன்னார்.